வறுமையும் துறவும்

மலைப் பிரசங்கத்தின் முதல் வாக்கியத்தைக் கிறிஸ்தவர் அல்லாத நம் எழுத்தாளர்களும் உற்சாகமாக எடுத்தாளுகிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் இரண்டு விதமாக இருக்கிறது. லூக்கா ஏழைகளைப் பாக்கியவான்கள் என்கிறார், அவ்வளவுதான். மத்தேயு 'ஆவியில்' என்று ஒரு சொல் சேர்க்கிறார். உடனே வறுமை வயிற்றை விட்டு மனசுக்கு ஏறிவிடுகிறது. பணக்காரனுக்கும் மூச்சு வருகிறது. இத்தனைக்கும் இருவரும் எழுதிய கிரேக்கச் சொல் உழைத்துப் பிழைக்கும் ஏழையைக்கூடக் குறிப்பதல்ல. கையேந்தி நிற்பவனைக் குறிப்பது.

தமிழில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. குறளில் துறவு 35ஆம் அதிகாரம், அறத்துப்பால். நல்குரவு 105ஆம் அதிகாரம், பொருட்பால். துறவுக்குப் பெருமை உண்டு. நல்குரவுக்கு எந்தப் புண்ணியமும் கிடையாது. செட்டிநாட்டில் பட்டினத்தாருக்கு இருக்கும் மதிப்பும் விட்டவருக்கான மதிப்புத்தான். விடுவதற்கு முதலில் இருக்க வேண்டும்.

காரைக்குடிக்குக் கிழக்கே, திருவாடானைப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4இல் வெட்டுண்ட அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ, லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே பண்டாரசாமியாக வாழ்ந்தார். நொபிலியின் சந்நியாசிக் கோலம் மேல்சாதியாரை உத்தேசித்தது. பண்டாரசாமிக் கோலம் மற்றவர்களிடமும் போவதற்காக ஏற்பட்டது. துறவுக்கும் சாதி பார்த்து உடை இருந்திருக்கிறது. பிரிட்டோவின் மரணத்தை இது சிறிதும் குறைக்காது. ஆனால் அவருடைய வறுமை அவர் தேர்ந்துகொண்டது. அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற பலருடையது பிறப்போடு வந்தது. லூக்கா பேசுவது இந்த இரண்டாமவர்களைப் பற்றி.

நகைக்கடன் மேஜையில் உட்காருகிறவன் நான். ஒரு ஜதைத் தோட்டை வைத்துவிட்டு வெறுங்காதோடு ரேகை பதிக்கிறவளிடம் எந்த ஆன்மீக ஒளியையும் நான் கண்டதில்லை. நீ பாக்கியவதி என்று அவளிடம் சொல்ல, மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு வாய் வராது. அதைச் சொல்லும் உரிமை, தொழுவத்தில் பிறந்து இரவல் கல்லறையில் கிடத்தப்பட்டவனுக்கு உண்டு.

ஆகவே கிறிஸ்தவத்தில் வறுமை ஏழையிடம் உள்ள ஒரு நற்குணம் அல்ல. கடவுள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதன் அடையாளம். அதனால்தான் லூக்கா சில வரிகள் தள்ளிப் பணக்காரர்களுக்கு 'ஐயோ' என்கிறார். மத்தேயுவின் மலைப் பிரசங்கத்தில் அது இல்லை. ஏழையைப் புனிதனாக்கும் நம் கதைகளிலும் அது இல்லை.