பெயரற்ற வார்ப்பு: பித்தளைத் தெய்வங்களும் அவற்றை ஆக்கிய கைகளும்

கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் இல்லங்களிலே பித்தளைப் பொருள்களுக்குத் தனியான மதிப்புண்டு. வெற்றிலை வட்டாவும் படிக்கமும் செம்பும் தலைமுறைகளாகப் பேணப்பட்டுத் திருமணம் முதலிய நாள்களில் வெளியே எடுக்கப்படுவதை நாம் அறிவோம். ஒரு வட்டா எந்தத் தலைமுறையிற் சீதனமாக வந்தது, யாருடைய கலியாணத்திற்கு வாங்கப்பட்டது என்பவற்றை வீட்டார் தயங்காது கூறுவர். அதனை வார்த்தவர் யார் என்று வினவினால் விடை கிடைப்பதில்லை. உடைமையாளரின் வரலாறு பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக்கியோரின் வரலாறு அதிலிருந்து கழன்றுவிடுகிறது.

இது இல்லங்களுக்கு மட்டும் உரிய மறதியன்று. கலை வரலாறு எனும் ஆய்வுத்துறையும் பெரும்பாலும் இவ்வழியிலேயே சென்றுள்ளது. நமது கிழக்குக் கரையிலிருந்தே சான்று காட்டலாம். லண்டன் பிரித்தானிய நூதனசாலையில், பொன்முலாம் பூசப்பெற்ற வெண்கலத் தாரை உருவம் ஒன்றுள்ளது. ஏறத்தாழ 143 சதமமீற்றர் உயரமுள்ள அது, கி.பி. 8ஆம் நூற்றாண்டளவினது எனக் கருதப்படுவது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்தது என்பர். 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த றொபேட் பிறவுன்றிக் அதனை 1830இல் அந்நிறுவனத்திற்கு அளித்தார். அளித்தவரின் பெயர் இன்றும் அவ்வுருவத்தோடு சேர்த்தே வழங்குகிறது; வார்த்தவருக்கு அங்கு ஒரு வரிதானும் இல்லை. 1907, 1908ஆம் ஆண்டுகளிற் பொலன்னறுவையில் வெளிப்பட்ட சைவப் படிமங்கள் பற்றிய விவாதமும் இத்தன்மையதே. அவை தென்னிந்தியாவில் வார்க்கப்பட்டவையா, இலங்கையிலேயே வார்க்கப்பட்டவையா என்று அறிஞர் நெடுங்காலம் விவாதித்தனர். எந்த நாடு என்பதே வினாவாயிற்று. எந்தக் கைகள் என்பது வினாவாகவில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களம், ‘பழங்குடிப் பித்தளைச் சிலைகள்’ என இன்று உலகச் சந்தையில் விற்பனையாகும் நடு இந்திய வார்ப்புகளாகும். ஏனெனில் இங்கு ஆக்கியோர் மறைந்துபோன முன்னோர் அல்லர். இன்றும் உலைக்களத்தில் நிற்கும் மனிதர்.

சத்தீஸ்கார் மாநிலத்தைச் சேர்ந்த பஸ்தார்ப் பிரதேசத்தில் முரியா, மாரியா முதலிய கோண்டு மக்கள் வாழ்கின்றனர். அவர்களுடைய தெய்வங்களை வார்த்துக் கொடுப்போர் கட்வா எனும் கைவினைக் குழுவினர். வணங்குவோர் ஒரு சாரார், வார்ப்போர் வேறொரு சாரார் என்பது முதலிற் கவனிக்கற்பாலது. ‘பழங்குடிக் கலை’ எனும் தொடர் இவ்விரு சாராரையும் ஒன்றாக்கி, சிலை ஏதோ ஒரு காட்டின் இயல்பான விளைச்சல் போலத் தோன்றச் செய்கிறது. ‘டோக்ரா’ எனும் வணிகப் பெயரும் அவ்வாறானதே. அது வங்காளத்து டோக்ரா காமார் எனும் வார்ப்பாளர் குழுவின் பெயர். பஸ்தாரிலும் ஒடிசாவிலும் தெலுங்கு நாட்டு ஆதிலாபாத்திலும் செய்யப்படுவன யாவற்றுக்கும் விற்பனையாளர் அதனைப் பொதுப் பெயராக்கிவிட்டனர்.

செய்முறையை நோக்குவோம். களிமண்ணும் உமியும் கலந்து பிசைந்து முதலில் உட்கரு அமைக்கப்படுகிறது. தேன்மெழுகை நூல்போல இழைத்து, அவ்விழைகளைக் கருவின்மேல் வரிவரியாகச் சுற்றி உருவம் ஆக்குவர். அதன்மேல் நுண்ணிய மண்பூச்சும் பின்னர்த் தடித்த மண்கவசமும் இடப்படும். சூட்டில் மெழுகு உருகி நீங்க, அவ்விடத்தை உருகிய பித்தளை நிரப்பும். கவசத்தை உடைத்தே சிலையை எடுக்க வேண்டுமாதலின் ஒரு கருவிலிருந்து ஒரு சிலையே பிறக்கும். சுவாமிமலை ஸ்தபதியர் பின்பற்றுவதும் மெழுகு வார்ப்பே. எனினும் அவர்களது படிமம் பெரும்பாலும் கனவார்ப்பு. சிற்ப நூல்கள் கூறும் தாளக் கணக்குக்கு அமைவது. வார்த்தபின் உளியாற் செதுக்கி நிறைவு செய்யப்படுவது. பஸ்தார் வார்ப்போ உள்ளீடற்றது; உளிவேலை குறைந்தது. மெழுகிழையின் தடம் உலோகத்தில் அப்படியே நிற்கும். சோழப் படிமத்திற் கை தன் தடத்தை அழித்துக்கொள்கிறது. கட்வா வார்ப்பிற் கை தன் தடத்தை விட்டுச் செல்கிறது. தடம் இத்துணைத் தெளிவாகப் பதிந்துள்ள ஒரு கலையே பெயரற்ற கலையாக விற்கப்படுவது நகைமுரணாகும். மெழுகிழைத்தல் முதலிய வேலைகளிற் பெண்களின் உழைப்பும் அடங்கும் என்பதையும் இவ்விடத்திற் குறித்தல் வேண்டும்.

பஸ்தாரில் முன்னர்ப் பெரிதும் வார்க்கப்பட்டவை வாளேந்திய அன்னைத் தெய்வங்கள், யானைமீதும் குதிரைமீதும் அமர்ந்த கிராமத் தெய்வங்கள் முதலியன. நகரச் சந்தை விரிவடைந்ததும் பிள்ளையார், துர்க்கை, கிருஷ்ணர் ஆகிய பொதுவான இந்துத் தெய்வங்கள் வேண்டப்பட்டன. மத்தளம் கொட்டும் பிள்ளையாரும் குழலூதும் பிள்ளையாரும் வரவேற்பறை அலங்காரங்களாயின. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று மட்டும் கூறுதல் எளிது, நேர்மையன்று. பித்தளைக்கும் மெழுகுக்கும் விறகுக்கும் விலை கொடுக்க வேண்டியவன் வாங்குவோன் கேட்பதையே வார்ப்பான். எனினும் வடிவத்தில் நேர்ந்த மாற்றத்தையும் மறைத்தலாகாது. பழைய அன்னை உருவங்களில் மெழுகிழை உடலையே கட்டி எழுப்பியது. சந்தைப் பிள்ளையார்களிற் பெரும்பாலும் அது மேற்பூச்சு அலங்காரமாகச் சுருங்கிவிட்டது என்பதே நமது மதிப்பீடு. வழிபாட்டுத் தேவை நீங்கிய இடத்தில் விற்பனைத் தேவை புகுந்தமையே இதன் காரணம்.

இங்கு ஆனந்த குமாரசுவாமியை (1877–1947) நினைவுகூராது செல்ல இயலாது. ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ எனும் அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சிடப்பட்டது. அந்நூலிற் கைவினைஞரின் நிலமானியத்தையும் சேவைக் கடமைகளையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். அது மறுக்கவியலாத தொண்டு. ஆயினும் பிற்கால எழுத்துகளில் அவர் மரபுக் கலைஞனின் பெயரின்மையை ஓர் ஆன்மிக உயர்வாகப் போற்றினார். தான் எனும் முனைப்பை நீக்கியவனே உண்மைக் கலைஞன் என்பது அவர் நிலைப்பாடு. நாம் இங்கு அவரோடு வேறுபடுகிறோம். கிராமமே தன் வார்ப்பாளனை முகமறிந்திருந்த சமூகத்திற் பெயர் பொறிக்கப்படாமை இழப்பன்று. முகமறியாச் சந்தையிற் பெயரின்மை துறவும் அன்று. உழைத்தவனின் பேரம் பேசும் வலிமையைப் பறிப்பதற்கான வழியாகும். ஒரே சொல் இருவேறு உற்பத்தி உறவுகளில் எதிரெதிர்ப் பொருள் தருவதை அவர் கருத்திற் கொள்ளவில்லை.

இவ்வகையில் மீரா முகர்ஜியின் (1923–1998) பணி முக்கியமானது. ஜேர்மனியின் மியூனிக் நகரிற் கலை பயின்று திரும்பிய அவர், பஸ்தார் வார்ப்பாளரிடம் மாணவியாக அமர்ந்து தொழில் கற்றார். இந்திய உலோகக் கைவினைஞர் பற்றிய அவரது ஆய்வுநூலை இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் 1978இல் வெளியிட்டது. 1982இற் போபாலில் தோன்றிய பாரத் பவனில் ஜே. சுவாமிநாதன் பழங்குடிக் கலைஞரின் ஆக்கங்களை நவீன ஓவியரின் ஆக்கங்களோடு சமநிலையில் வைத்தார். கொண்டாகானைச் சேர்ந்த ஜெய்தேவ் பகேல் தம் பெயராலேயே நாடறிந்த வார்ப்பாளரானார். பெயர் வழங்குதல் இயலாத செயலன்று என்பதற்கு இவை சான்று. ஆயினும் மீரா முகர்ஜியின் வெண்கலம் அவர் பெயரால் மதிக்கப்படுகையில், அவருக்குக் கற்பித்தோரின் வார்ப்பு இன்னும் ‘கைவினைப் பொருள்’ என்றே கடைகளிற் கிடக்கிறது. ‘கலை’, ‘கைவினை’ எனும் பாகுபாடு அழகியலாற் பிறந்ததென்பதை நாம் ஏற்பதற்கில்லை. அது வர்க்கத்தாலும் சாதியாலும் வரையப்பட்ட கோடு.

உருவ வழிபாடற்ற சமூகத்தினர்க்கு இந்துத் தெய்வச் சிலைகளின் ஆய்வு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். உத்தரப் பிரதேசத்து மொரதாபாத் நகரம் இதற்கு விடை கூறும். ‘பித்தளை நகர்’ எனப்படும் அவ்வூரின் கைவினைஞரிற் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். இந்துத் தெய்வ உருவங்களையும் அவர்கள் ஆக்கி விற்கின்றனர். உலைக்களத்தின் வெப்பம் மதம் பார்ப்பதில்லை. கூலிக் குறைவும் மதம் பார்ப்பதில்லை. வழிபாடு அவரவர் நம்பிக்கையின் பாற்பட்டது; உழைப்பின் நியாயமோ யாவர்க்கும் பொது.

இனி நமது ஊருக்கே மீள்வோம். தீமிதிப்புக்குப் பேர்பெற்ற பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு அயலிலே மருதமுனை உள்ளது. அதன் கைத்தறிச் சாறன் நாடறிந்தது. ஆயின் அது மருதமுனைச் சாறன் என்றே அறியப்படுகிறது. இன்னார் நெய்தது என்று எவரும் சொல்வதில்லை. ஊர்ப்பெயர் கிடைத்தது ஒரு பேறுதான். ஆனால் ஊர்ப்பெயரின் மதிப்பை இறுதியில் வணிகர் பெறுகின்றனர், நெய்தவர் பெறுவதில்லை. பஸ்தாரின் வினா நம் தறிக்குழியிலும் கிடக்கிறது.

ஆதலின் நமது மாணவரும் ஆய்வாளரும் கைவினை பற்றி எழுதும்போது வடிவம், காலம், மரபு ஆகியவற்றோடு மேலும் நான்கினைப் பதிவு செய்தல் வேண்டும்: ஆக்கியவர் பெயர், உடனுழைத்த வீட்டாரின் பெயர், மூலப்பொருளுக்கு அவர் கொடுத்த விலை, ஆக்கத்துக்கு அவர் பெற்ற கூலி. இவை கலை விமரிசனத்துக்குப் புறம்பானவை என்போர் இருப்பர். ஒரு சிலையை அளித்த தேசாதிபதியின் பெயர் இருநூறாண்டுகளாகக் கலை வரலாற்றுக்குப் புறம்பாகக் கருதப்படவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.