மலிவுவிலை மாதிரிக் கார்பைன்களின் நம்பகத்தன்மை: உரிமையாளர் அனுபவங்களைப் பகுத்தறியும் முறை

கைத்துப்பாக்கிக்கென உருவான தோட்டாவை, தோளில் அணைத்துச் சுடும் நீள்துப்பாக்கியில் பயன்படுத்தும் ஆயுதம் கைத்துப்பாக்கித் தோட்டா கார்பைன் எனப்படும். இவ்வகைக்கும் இதற்கு நெருங்கிய உறவுடைய சப்மெஷின் கன் வகைக்கும் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாக நிற்பது, மேற்கு ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1960களில் வடிவமைத்த, 9×19 மி.மீ. தோட்டாவைச் சுடும் எம்பி5 ஆகும். 1980ஆம் ஆண்டு லண்டனிலுள்ள ஈரானியத் தூதரகத்தை ஆயுததாரிகளிடமிருந்து மீட்ட பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையினர் அதனை ஏந்திச் சென்ற காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதால், பிரிட்டனில் அதன் வடிவம் பரவலாக அறியப்பட்டது. 6 மி.மீ. விட்டமுள்ள நெகிழிக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் எய்து ஆடும் ஏர்சாஃப்ட் என்னும் குழு விளையாட்டிலும், குறுகிய நீளமும் குறைந்த எடையும் உள்ளரங்கக் களங்களுக்குப் பொருந்துவதால், இவ்வடிவங்களின் மாதிரிகளை ஆட்டக்காரர்கள் விரும்பி வாங்குகின்றனர்.

பிரிட்டனில் ஏறத்தாழ 100 முதல் 200 பவுண்டு வரையிலான விலையில் கிடைக்கும், பெரும்பாலும் சீனாவிலும் தைவானிலும் தயாராகும் மின்விசை மாதிரிகளே இங்கு ஆராயப்படுகின்றன. இவற்றைப் பற்றி உரிமையாளர்கள் கூறும் அனுபவங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பது வாங்க நினைப்போரைக் குழப்புகிறது. ஒரே மாதிரியைப் பல ஆண்டுகள் பழுதின்றிப் பயன்படுத்தியதாக ஒருவர் கூற, சில வார இறுதி ஆட்டங்களிலேயே அது உடைந்துவிட்டதாக மற்றொருவர் கூறுகிறார். இருவர் கூற்றும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதும், எந்த பேட்டரி, எந்த மேகசின், எத்தகைய பராமரிப்பு என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அவ்விரண்டையும் ஒப்பிட இயலும் என்பதும் இவ்விமர்சனத்தின் அடிப்படை நிலைப்பாடாகும்.

பற்சக்கரப் பெட்டியும் பேட்டரியும்

ஜப்பானின் டோக்கியோ மருய் நிறுவனம் 1991இல் பிரெஞ்சு ஃபமாஸ் துப்பாக்கியின் மாதிரி வழியாக அறிமுகப்படுத்திய மின்விசை முறையே இன்றைய மலிவுவிலைக் கருவிகளுக்கும் அடித்தளமாக உள்ளது. விசையை அழுத்தியதும் மோட்டார் மூன்று பற்சக்கரங்களைச் சுழற்ற, அவற்றுள் கடைசிச் சக்கரம் பிஸ்டனின் பற்களைப் பற்றிப் பின்னுக்கு இழுத்துச் சுருள்வில்லை அழுத்துகிறது; பற்கள் முடிந்ததும் விடுபடும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து, சிலிண்டரிலுள்ள காற்றைக் குண்டின் பின்னால் தள்ளுகிறது. எம்பி5 மாதிரிகளிலும் எம்4 என்னும் துப்பாக்கியின் மாதிரிகளிலும் காணப்படும் பற்சக்கரப் பெட்டி அமைப்பு 'இரண்டாம் பதிப்பு' என்று இத்துறையினரால் அழைக்கப்படுகிறது. அதன் முன்பகுதியில், சிலிண்டர் அமரும் இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் மெல்லியதாக இருப்பதால், பிஸ்டன் ஒவ்வொரு முறையும் மோதும் அதிர்ச்சி அங்கே குவிந்து காலப்போக்கில் விரிசலை உண்டாக்குகிறது. வார்ப்பின் தரம் குறைந்த பெட்டிகளில் இவ்விரிசல் விரைவில் தோன்றக்கூடும் என்பதால், விலைக்கும் ஆயுளுக்கும் நேரடித் தொடர்புள்ள இடங்களுள் இது முதன்மையானது.

இருப்பினும், பிரிட்டனின் சட்டச் சூழலில் சுருள்வில்லின் வலிமை பழுதுக்குப் பெரிய காரணமாவதில்லை. தொடர்ந்து சுடக்கூடிய ஏர்சாஃப்ட் கருவி 1.3 ஜூலுக்கும், ஒற்றைச் சுடுதல் மட்டும் உடையது 2.5 ஜூலுக்கும் மேற்படாதிருந்தால்தான் துப்பாக்கிச் சட்டத்தின் விலக்கைப் பெறும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 0.20 கிராம் குண்டு விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் 1 ஜூல் என்பதால், வரம்புக்குட்பட்ட கருவிகளில் மிதமான வில்லே போதுமானதாகிறது. ஆற்றலைக் கூட்ட வழியில்லாத நிலையில் பல உரிமையாளர்கள் சுடும் விரைவைக் கூட்ட முனைகின்றனர். அதற்கு எளிய வழி 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியை நீக்கிவிட்டு 11.1 வோல்ட் பேட்டரியைப் பொருத்துவதாகும்.

பெரும்பாலான பழுதுகளின் தொடக்கம் இம்மாற்றத்தில்தான் உள்ளது. மோட்டாரின் சுழற்சி வேகம் ஏறத்தாழ மின்னழுத்தத்திற்கேற்ப உயர்வதால், விநாடிக்கு 14 குண்டுகளை எய்த கருவி ஏறக்குறைய 20 குண்டுகளை எய்யத் தொடங்குகிறது. அவ்வேகத்தில், பிஸ்டன் முழுமையாக முன்சென்று நிற்பதற்குள் பற்சக்கரம் மறுசுற்றில் அதனைப் பற்றிக்கொள்ள நேர்ந்தால், தவறான இடத்தில் விழும் அப்பிடி பிஸ்டனின் பற்களைச் சீவி எறிகிறது. விலையுயர்ந்த கருவிகளில் பற்கள் அனைத்தும் எஃகாக அமைந்த பிஸ்டன் இருப்பதுண்டு. மலிவானவற்றிலோ கடைசிப் பல் மட்டும் உலோகமாகவும் ஏனையவை நெகிழியாகவும் இருப்பது வழக்கமாதலால், அவை இப்பிழையைத் தாங்குவதில்லை. ஆகவே 'பிஸ்டன் உடைந்தது' என்னும் குறை, பேட்டரியின் மின்னழுத்தத்தைக் கூறாத வரையில், கருவியின் தரத்திற்கான சான்றாக நிறைவு பெறுவதில்லை.

இதற்கு மாறாக, வாங்கிய முதல் நாளிலேயே கேட்கும் கீறொலியும் அலறலும் தயாரிப்பின் குறைகளாகும். பற்சக்கரங்களின் அச்சில் இடப்படும் மெல்லிய வளையங்கள் சரியான தடிமனில் அமையாதபோது சக்கரங்கள் பக்கவாட்டில் அசைந்து ஒன்றையொன்று அரைக்கின்றன. இவ்வளையங்களைப் பொருத்துவது ஒவ்வொரு பெட்டிக்கும் தனியே அளந்து செய்ய வேண்டிய நுண்பணி என்பதால், மலிவுவிலைத் தயாரிப்பில் சுருக்கப்படுவது பெரும்பாலும் இந்தக் கைவேலை நேரமேயாகும். ஒரே தொகுதியில் வந்த இரு கருவிகள் வெவ்வேறு விதமாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம்.

மேகசின் என்னும் நலிந்த கண்ணி

கைத்துப்பாக்கித் தோட்டாவின் மேகசின் குறுகியது என்பதால், அதன் மாதிரியிலும் குண்டுகள் செல்லும் பாதை நெருக்கமாகவே அமைகிறது. எம்4 மாதிரிகளின் மேகசின்கள் பல தயாரிப்பாளர்களிடையே ஓரளவு ஒத்துப்போகின்றன; 9 மி.மீ. வடிவங்களிலோ அத்தகைய பொதுமை குறைவு என்பதோடு, தைவானின் ஜி அண்ட் ஜி தயாரிக்கும் ஏஆர்பி9 போன்ற மாதிரிகள் தமக்கேயுரிய மேகசினையே ஏற்கின்றன. எம்பி5 வடிவத்திற்குப் பலர் மேகசின் தயாரித்தாலும், பூட்டு விழும் உயரத்தில் ஏற்படும் சிறு வேறுபாடுகூட மேகசின் வாய்க்கும் குழல் வாய்க்கும் இடையே இடைவெளியை உண்டாக்கி, குண்டு ஏறாமல் வெற்றுக் காற்று மட்டும் வெளிவரச் செய்கிறது. 'கருவி நின்றுவிட்டது' என்று கூறப்படும் பல நிகழ்வுகளில் பற்சக்கரப் பெட்டி நலமாகவே இயங்குவதையும், வேறொரு மேகசினைச் செருகியதும் குறை நீங்குவதையும் காணலாம்.

மேகசின் வகைகளிலும் வேறுபாடு உண்டு. அடியிலுள்ள சக்கரத்தைத் திருகி முறுக்கேற்ற வேண்டிய உயர்கொள்ளளவு வகை, நூற்றுக்கணக்கான குண்டுகளை ஏற்றாலும், முறுக்குத் தளர்ந்ததும் ஊட்டம் குன்றுகிறது. நேரான சுருள்வில்லால் மட்டுமே தள்ளும் நடுக்கொள்ளளவு வகையில் இயங்கும் உறுப்புகள் குறைவு என்பதால் அது நம்பத்தக்கதாக விளங்குகிறது. கருவியுடன் இலவசமாக வரும் ஒரேயொரு உயர்கொள்ளளவு மேகசினைக் கொண்டு கருவியின் நம்பகத்தன்மையை முடிவு செய்வது நியாயமாகாது.

காற்றடைப்பும் ஹாப்-அப்பும்

குழலின் தொடக்கத்திலுள்ள ரப்பர் உறை குண்டின் மேற்புறத்தை உரசி, அதற்குப் பின்சுழற்சி அளிக்கும் ஏற்பாடே ஹாப்-அப் ஆகும்; அச்சுழற்சியால் எழும் மேக்னஸ் விளைவு குண்டை ஈர்ப்புக்கு எதிராகத் தாங்கி, அதன் பறத்தலை நீட்டிக்கிறது. மலிவுவிலைக் கருவிகளில் இந்த ரப்பர் பெரும்பாலும் கடினமானது என்பதால், குளிர்காலத்தில் மேலும் இறுகிச் சுழற்சியைச் சீரற்றதாக்குகிறது. சில பவுண்டு செலவில் மாற்றத்தக்க இவ்வுறுப்பே துல்லியத்தில் மிகப் பெரிய முன்னேற்றத்தைத் தருகிறது.

காற்றடைப்பின் நிலையை வேகமானியால் அறியலாம். ஒரே எடையுள்ள பத்துக் குண்டுகளின் வேகங்கள் நெருக்கமாக இருந்தால் பிஸ்டன் வளையமும் காற்றுமுனையும் சரியாகப் பொருந்தியுள்ளன என்றும், வேகங்கள் பெரிதும் ஏறி இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது என்றும் கொள்ளலாம். தயாரிப்பாளர் பொதிப் பெட்டியில் அச்சிடும் உச்ச வேகத்தைவிட இந்தச் சீர்மையே தரத்தின் மெய்யான அளவுகோல்.

மின்னணுவும் வெளிக்கட்டும்

பழைய முறையில் மின்னோட்டம் முழுவதும் விசையின் உலோகத் தொடுமுனைகள் வழியே பாய்வதால், ஒவ்வொரு அழுத்தத்திலும் எழும் பொறி அவற்றைச் சிறிது சிறிதாகக் கருக்குகிறது. மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஆளி அந்த ஓட்டத்தைத் தானே சுமந்து தொடுமுனைகளைக் காப்பதால், அது பொருத்தப்பட்டுள்ள மாதிரிகளில் இக்குறை அரிதாகிறது. ஆனால் அந்த மின்னணுப் பலகையே பழுதானால் உரிமையாளர் கையால் சீர்செய்ய இயலாமல் முழுவதையும் மாற்ற நேரிடுகிறது. வெளிக்கட்டைப் பொறுத்தவரை, நைலான் கலந்த நெகிழி உடல்கள் மலிவின் அடையாளமாக இகழப்பட்டாலும், வீழ்ச்சியைத் தாங்குவதில் அவை நன்றாகவே செயல்படுகின்றன. துத்தநாகக் கலவையில் வார்க்கப்படும் பிடிகளும் நெம்புகோல்களும் வளையாமல் முறிந்துவிடும் இயல்புடையவை என்பதால், உலோகம் என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது தவறாகும்.

வாங்குவோர்க்கான முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருசேர நோக்கினால், 7.4 வோல்ட் பேட்டரி, தயாரிப்பாளரின் சொந்த நடுக்கொள்ளளவு மேகசின்கள், விட்டம் சீரான தரமான குண்டுகள் ஆகியவற்றோடு பயன்படுத்தப்படும் மலிவுவிலை மாதிரிக் கார்பைன், மாதம் ஓரிரு முறை ஆடுவோர்க்கு உறுதியாகப் பரிந்துரைக்கத்தக்கது. மிகு விரைவை நாடுவோர் பிஸ்டன், பற்சக்கரம், மோட்டார் ஆகியவற்றை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், நடுத்தர விலையுள்ள கருவியையே முதலில் வாங்குவது சிக்கனமாக முடியும். இரண்டாம் பதிப்புப் பெட்டியைக் கொண்ட மாதிரிகளுக்கு மாற்று உறுப்புகள் எங்கும் கிடைப்பதால், தனித்துவமான பெட்டியமைப்பு உடையவற்றைவிட அவை நீண்டகாலப் பயன்பாட்டுக்கு உகந்தவை.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெற வழிசெய்கிறது. எனவே கருவியைப் பெற்றவுடன் வேகமானியில் அளந்து, பற்சக்கர ஒலியைக் கவனித்து, மேகசின் முழுவதையும் தடையின்றிச் சுட்டுப் பார்த்து, ஐயம் எழுந்தால் திருகாணி ஒன்றையும் கழற்றாமல் கடைக்குத் திருப்பி அனுப்புவதே உரிமையாளர் செய்ய வேண்டிய முதற்கடமையாகும். தயாரிப்பின் குறைகளும் பயன்பாட்டின் குறைகளும் தெளிவாகப் பிரிந்து தெரிவது அந்த முதல் மாதத்தில்தான்.