நிமிஷங்களின் கணக்கு

‘மூலதனம்’ பொருளாதார நூலென்று கூறி இலக்கிய மாணவர் அதனை ஒதுக்கிவைப்பது வழக்கம். 1867 இல் வெளிவந்த அதன் முதலாம் தொகுதியில், வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தையேனும் அவர்கள் படித்தல் வேண்டும் என்போம். நூலில் மனிதர் வாய்திறந்து பேசத் தொடங்கும் இடம் அதுவே.

ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கையில் தொழிலாளி ஒருவன் எழுந்து முதலாளியிடம் வழக்குரைக்கிறான். ஒருநாட் கூலிக்குப் பலநாளைய உழைப்பைச் செலவழிப்பது கொள்ளை என்பது அவன் வாதம். இக்குரல் வெறுங் கற்பனையன்று. ஒன்பது மணித்தியால வேலைநாள் கோரிப் போராடிய இலண்டன் கட்டடத் தொழிலாளரின் குழு வெளியிட்ட அறிக்கையில் இவ்வாதம் ஓரளவு இருந்ததென மார்க்ஸே அடிக்குறிப்பிற் காட்டுகிறார்.

எனினும் அத்தியாயத்தின் உயிர், சட்டம் பிறந்த கதையில் இல்லை. பிறந்த சட்டம் நடைமுறைக்கு வரப் பட்ட பாட்டிலேயே இருக்கிறது. 1802 முதல் 1833 வரை ஆங்கிலப் பாராளுமன்றம் ஐந்து தொழிற் சட்டங்களை இயற்றியது. அவற்றை நிறைவேற்ற ஒரு காசும் ஒதுக்கவில்லை. 1833 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பரிசோதகர் நியமிக்கப்பட்டனர். பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரையானோருக்கும் பத்து மணித்தியாலமே வேலை என்ற 1847 ஆம் ஆண்டுச் சட்டம் 1848 மே 1 இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆலை முதலாளிகள் என்ன செய்தனர்? காலை ஐந்தரை முதல் இரவு எட்டரை வரையான பதினைந்து மணித்தியாலத்துள் தொழிலாளரைக் கூறுகூறாகப் பிரித்து, உள்ளே அழைத்தும் வெளியே அனுப்பியும் அலைக்கழித்தனர். எவர் எத்தனை மணித்தியாலம் உழைத்தார் என்பதைப் பரிசோதகர் கண்டறிய இயலாதுபோயிற்று. வழக்குத் தொடுத்தாலோ, நீதவான் ஆசனத்தில் இருந்தவரும் ஆலை முதலாளியே! 1850 பெப்ரவரியில் உயர்நீதிமன்றமொன்று இச்சூழ்ச்சி சட்டத்துக்கு அமைந்ததே எனத் தீர்ப்பளித்தது. தொழிலாளர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த புதிய சட்டம், வாரத்தின் முதல் ஐந்து நாட்களுக்கும் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொண்டு, வேலை தொடங்கும் வேளையையும் முடியும் வேளையையும் வரையறுத்தது.

அதன் பின்னரும் களவு ஓயவில்லை. காலையிற் பதினைந்து நிமிஷம், மாலையிற் பதினைந்து, காலையுணவு வேளையிற் பத்து, மதிய உணவு வேளையில் இருபது, சனிக்கிழமை நாற்பது. வாரத்துக்கு 340 நிமிஷம்; ஆண்டுக்கு 27 வேலைநாட்கள்! பரிசோதகர் ஒருவரின் இக்கணக்கை மார்க்ஸ் அப்படியே எடுத்து வைக்கிறார். நூறு கண்டன வசனங்கள் செய்யாததை இச்சிறு பட்டியல் செய்துவிடுகிறது. 1863 ஜூனில் 26½ மணித்தியாலம் இடைவிடாது உழைத்து இறந்த இருபது வயதுத் தையற்பெண் மேரி ஆன் வாக்லியின் வரலாறும் இவ்வாறே ஆரவாரமின்றிச் சொல்லப்படுகிறது.

குறையொன்றும் உண்டு. அத்தியாயத்திற் பெரிதும் பேசுவன பரிசோதகரின் அறிக்கைகளே. லெனாட் ஹோனரை மார்க்ஸ் போற்றுவது நியாயமே. அமைச்சர் தடுத்தும் அவர் வழக்குத் தொடுப்பதைக் கைவிடவில்லை. ஆனால் இலங்காஷயரிலும் யோர்க்‌ஷயரிலும் நெடுங்காலம் கூட்டம் கூட்டியும் மனுக் கொடுத்தும் போராடிய வேலைநேரக் குறைப்புக் குழுக்கள் பின்னணியிலேயே நிற்கின்றன. தொழிலாளர் சாட்சிகளாக வருமளவுக்கு அமைப்பாளராக வரவில்லை. முடிவில் மார்க்ஸ், தொழிலாளர் வர்க்கமாக ஒன்றுதிரண்டு சட்டத்தை வென்றெடுக்க வேண்டும் என்கிறார். 1866 இல் பால்டிமோரிலும் ஜெனீவாவிலும் தொழிலாளர் மாநாடுகள் எட்டு மணித்தியாலம் கோரியதையும் குறிப்பிடுகிறார். அம்முடிவுக்கு வேண்டிய மனிதரை அத்தியாயத்தின் நடுவில் நாம் இன்னும் நிறையக் காண விரும்புகிறோம்.

நம் எழுத்தாளர் இதிலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. போராட்டக் கதையென்றதும் கொடுங்கோல் முதலாளியையும் செங்கொடி ஊர்வலத்தையும் தேடுகிறோம். கொடுமை பெரும்பாலும் பத்து நிமிஷ வடிவிலேயே வருகிறது. கிடைத்த சட்டத்தைக் காப்பாற்ற, ஆலை வாயிலிற் கடிகாரத்தைப் பார்த்து நேரங் குறித்து வைக்கும் சங்கத் தொண்டனே இன்னும் எழுதப்படாத கதாநாயகன். அவனை எழுதுவதற்கு முதலில் அவனுடைய கணக்கை நாம் படித்தறிதல் வேண்டும்.