ஏழாயிரம் கற்களும் ஐந்தாண்டு அவகாசமும்

ஜெர்மனியின் காசல் நகரில் 1982-ஆம் ஆண்டு டாக்குமென்டா கலைக் கண்காட்சிக்காகக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 7,000 எரிமலைக் கற்களை அருங்காட்சியகத்தின் முன்னால் குவிக்க ஏற்பாடு செய்தார். நகரில் ஒரு மரம் நட்டால் குவியலில் ஒரு கல் குறையும். அந்தக் கல் மரத்தின் பக்கத்திலேயே ஊன்றப்படும். எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான கணக்கு! மீந்த வேலை ஊர் நடுவே எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தது. 1986-இல் பாய்ஸ் மறைந்தார். மறு ஆண்டு கடைசி மரத்தை அவருடைய மகன் நட்டார். சுற்றுச்சூழல் பேசும் கலைஞருக்குத் தரவேண்டிய வாய்ப்பு, ஒரு வாரத்தில் வரைந்து முடிக்கும் சுவர் அல்ல, இப்படி நீளும் காலம்தான் என்பேன்.

இத்தகைய கலைக்குச் செலவாகும் பணத்தில் நேரடியாக மரமே நட்டிருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அரசு நட்ட கன்று பட்டுப்போனால் யாருக்கும் தெரிவதில்லை. இங்கே கல் நிற்பதால் மரத்தின் இழப்பும் தெரியும். இப்படி நீண்ட காலம் தந்து ஒரு நிறுவனத்தோடு நெடுநாள் இருக்கவிட்டால் கலைஞர் அதன் விளம்பரக்காரர் ஆகிவிடுவார் என்ற அச்சமும் உண்டு. நியூயார்க் துப்புரவுத் துறையில் 1977 முதல் ஊதியமில்லாமலே கலைஞராக இருந்த மியர்லி லேடர்மன் யூக்கலிஸ் அதற்கு நல்ல மறுப்பு. அங்கிருந்த சுமார் 8,500 தொழிலாளர்களை ஓராண்டு முழுக்கத் தேடிப்போய், ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னார். அவர் துறையின் பெருமையைப் பாடவில்லை. குப்பை அள்ளுபவரை நகரத்தின் கண்முன் நிறுத்தினார். அந்த உழைப்புக்குச் சம்பளம் இல்லாமல் போனது மட்டும் சரியில்லை.