பதினொரு நிமிடங்களுக்கு முன்

2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி, அவனுடைய இதயத்தை 11 நிமிடங்களில் முகப்பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சிறுமி பிழைத்தாள். தமிழ்நாட்டில் உறுப்பு தானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 11 நிமிடங்களிலிருந்துதான் தொடங்குவார்கள்.

சினிமாவும் அங்கிருந்துதான் தொடங்கியது. மலையாளத்தில் ராஜேஷ் பிள்ளை இயக்கிய 'டிராஃபிக்' 2011இல் வந்தது. அதன் தமிழ் வடிவமான 'சென்னையில் ஒரு நாள்' 2013இல் வந்தது. தமிழில் இதயம் சென்னையிலிருந்து வேலூருக்குப் போகிறது. உத்தரவிடும் கமிஷனர் சரத்குமார், வண்டியோட்டும் காவலர் சேரன், மகளுக்காகக் காத்திருக்கும் நட்சத்திரம் பிரகாஷ்ராஜ். லஞ்சம் வாங்கிப் பெயர் கெட்ட காவலருக்கு அந்தப் பயணத்தில் மீட்சியும் உண்டு. பெண்களுக்குத் தாய், மனைவி, காதலி, நோயாளி மகள் என்று இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். விறுவிறுப்பான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதன்மைப் பாத்திரங்களில் ஒருத்தி இல்லை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்.

வண்டி கிளம்புவதற்கு முன்பு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சளியை உறிஞ்சி எடுக்கும்போது இருமல் வரவில்லை, கண்மணி வெளிச்சத்துக்கு அசையவில்லை என்பதை அநேகமாக முதலில் கவனிப்பவர் இரவுப் பணியிலுள்ள செவிலியர். பிறகு நால்வர் கொண்ட மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. மாற்று அறுவைசிகிச்சை செய்யப்போகிறவர்கள் அந்தக் குழுவில் இருக்கக்கூடாது. குறைந்தது 6 மணி நேர இடைவெளி விட்டு, சோதனையை இரண்டாம் முறையும் செய்கிறார்கள். இந்த 6 மணி நேரத்தைப் படமாக எடுக்க ஆள் இல்லை. வெண்டிலேட்டரில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, "இறந்துவிட்டார்" என்று சொல்லுகிறார்கள். அந்த வாக்கியத்தை ஒரு குடும்பத்துக்குப் புரியவைக்க வேண்டும். புரிந்த பிறகுதான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கேட்டால் அது பேரம்போல ஆகிவிடும்.

கேட்டுச் சம்மதம் கிடைத்த பிறகு வேலை பெருகுகிறது. உறவினர் கையெழுத்துக்குப் படிவம் 8, மூளைத்தண்டுச் சாவுச் சான்றுக்குப் படிவம் 10. சாலை விபத்து என்றால் காவல்நிலையம், பிரேதப் பரிசோதனை. எந்த உறுப்பு எந்த மருத்துவமனைக்கு என்பது மாநில ஆணையத்தின் பட்டியல்படி முடிவாகும். அதன் அழைப்புகளும் உண்டு. இதயத்துக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் பொறுமை கிடையாது. இத்தனைக்கும் நடுவே, வெளியே காத்திருப்பவர்களுக்கு "எப்போது உடலைத் தருவீர்கள்" என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.

சட்டத்துக்கு இது தெரியும். 1994ஆம் ஆண்டு சட்டத்துக்கு 2011இல் வந்த திருத்தம், ஒருங்கிணைப்பாளரை நியமிக்காத மருத்துவமனைக்குப் பதிவே இல்லை என்கிறது. 2014 விதிகள் இந்த வேலைக்குச் செவிலியர்களையும் தகுதியுடையவர்களாகச் சொல்லுகின்றன. சட்டம் பார்த்த ஆளைக் கதை பார்க்கவில்லை. ஏன்?

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'தானம்' என்கிறோம், 'கொடை' என்கிறோம். கொடை என்றதும் நம் மரபு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நினைக்கும். கொடுப்பவன் உண்டு, பெறுபவன் உண்டு, புகழ் உண்டு. நடுவே நின்று பேசியவர்களுக்குப் புறத்திணையில் பெரிய இடமில்லை. அகத்திணையில் உண்டு. அவள்தான் தோழி. தலைவியின் மனத்தைத் தாய்க்குச் சொல்ல வேண்டும், ஊர் அலர் தூற்றும் முன் சொல்ல வேண்டும், அதே சமயம் யார் மனமும் முறியக்கூடாது. அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் அதற்குத் துறையே வகுத்தது. அவளுக்கும் பெயர் கிடையாது. கொடுத்தவர் குடும்பமும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதபடி காக்கும் இன்றைய நடைமுறையைப் பார்க்கும்போது, பெயர் சுட்டாத அகமரபு நினைவுக்கு வருகிறது. ஒப்புமையை இதற்குமேல் இழுக்கமாட்டேன். தோழிக்குச் சம்பளப் பட்டியல் இல்லை, இரவுப் பணி இல்லை.

பொத்தேரி ரயில் நிலையத்தில் மாலையில் இறங்கினால், வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருக்கும் செவிலியர் மாணவிகளைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஜி.எஸ்.டி. சாலை. லாரியும் கல்லூரிப் பேருந்தும் ஹெல்மெட் இல்லாத பையன்களுமாக அது செங்கல்பட்டு வரை ஓடுகிறது. ஹிதேந்திரனின் ஊர் அங்கிருந்து தூரமில்லை. இந்தப் பெண்களில் யாரோ ஒருத்தி இன்னும் பத்து வருடத்தில் ஒரு தாயின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப்போகிறாள். அவளுக்கு 'கனிவு' இயல்பாக வரும், பெண்தானே என்று நாம் எடுத்துக்கொள்வோம். எனக்கு இதில்தான் கோபம். இது பழகிக் கற்கும் திறமை. 1997இல் சென்னையில் தொடங்கிய மோகன் அறக்கட்டளை ஒருங்கிணைப்பாளர்களுக்கென்றே பயிற்சி நடத்துகிறது. பயிற்சி தேவைப்படும் ஒன்றைச் சுபாவம் என்று சொல்வது கூலியைக் குறைக்கும் பழைய வழி.

உயிரோடு இருப்பவர் கொடுக்கும் கொடையில் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. 2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதில் 71 சதவீதம் பெண்கள், 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். பெறும் பக்கத்தில், 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 மாற்று அறுவைசிகிச்சைகளில் பெண்களுக்கு நடந்தவை 6,945. மனைவி கொடுப்பதைத் தாலிக்கடன் என்றும், கணவன் கொடுத்தால் தியாகம் என்றும் சொல்லும் வீடுகள் நம்முடையவை. 2014 விதிகளில் ஒரு வரி இதை ஒப்புக்கொள்கிறது: கொடுப்பவர் பெண்ணானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவளுடைய சுயமான சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். அந்த வரி காகிதத்தில் கிடக்காமல் நடக்க வேண்டுமானால், மாமியாரையும் கணவனையும் வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, "உனக்கு விருப்பமாம்மா?" என்று கேட்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இல்லை என்று அவள் தலையாட்டினால், வெளியே இருப்பவர்களிடம் "மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை" என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மூடிய கதவுக்குள் ஒரு படம் எடுக்கலாம். சைரனே தேவைப்படாது.