ஏட்டுச் சுரைக்காயும் ‘நண்பன்’ திரைப்படமும்

கற்றவனை நகைத்தல் தமிழருக்குப் புதிதன்று. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது’ என்னும் பழமொழியை அறியாத ஊர் இல்லை. எனினும், மூக்குக் கண்ணாடியோடு புத்தகத்தினின்று தலை நிமிராது, விளையாட்டும் அறியாது, தோழமைக்கும் தகுதியற்றுத் திரியும் மாணாக்கன் என்னும் வார்ப்புரு பெரிதும் அமெரிக்க இறக்குமதியாகும். ஆங்கு அவனை ‘நெர்டு’ என்பர். டாக்டர் சூஸ் 1950இல் வெளியிட்ட சிறுவர் நூலொன்றில் விந்தையான பிராணியொன்றின் பெயராக அச்சேறிய இச்சொல், அடுத்த ஆண்டிலேயே டெட்ராயிட் நகர இளைஞரின் ஏளனச் சொல்லாகப் பத்திரிகையிற் குறிக்கப்பட்டது. நம் கல்லூரி விடுதிகளில் அவனுக்குப் ‘பழம்’ என்றும் ‘படிப்ஸ்’ என்றும் பெயர்.

நகைப்பு எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பதே ஈண்டு கேட்கத்தக்க கேள்வி. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றிய பரமார்த்த குருவின் கதையில், நகைப்புக்கு இலக்காகின்றவர் பீடத்தில் அமர்ந்த குருவும் அவரைக் கண்மூடித் தொடரும் சீடருமே. பெஸ்து தேசாதிபதியோ, கட்டுண்டு நின்ற பவுலை நோக்கி, மிகுந்த கல்வி அவனது புத்தியைப் பேதலிக்கச் செய்தது என்று உரத்துக் கூறினான் (அப். 26). முன்னது கீழிருந்து மேல் நோக்கிய நகைப்பு. பின்னது ஆசனத்தினின்று விலங்கை நோக்கியது.

ஷங்கர் இயக்கத்தில் 2012இல் வெளிவந்த ‘நண்பன்’, 2009இல் இந்தியில் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தின் தமிழாக்கம். நம் வாலிபர் கூடுகைகளில் இதனைக் கல்வி பற்றிய நல்லுவமையாக எடுத்தாள்வோர் உளர். படத்தில் இரு திசையிலும் நகைப்பு உண்டு. சத்யராஜ் ஏற்ற கல்லூரி முதல்வர் ‘வைரஸ்’ நையாண்டிக்கு உள்ளாகின்றார், அது தகும். ஆயின் படத்தின் தீராத ஏளனம் சத்யன் ஏற்ற ஸ்ரீவத்சன் மீதே விழுகின்றது. பொருள் விளங்காது மனப்பாடம் செய்த மேடையுரையில் நண்பர்கள் சொல்லை மாற்றி வைக்கின்றனர். நற்சொல் இருந்த இடத்தில், பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குறிக்கும் சொல் வந்தமர, அரங்கமே சிரிக்கின்றது. இக்காட்சியை எவ்வாறு ஓர் உவமையாகக் கொள்வது என்பது எமக்கு விளங்கவில்லை.

ஸ்ரீவத்சன் நல்லவனல்லன், பிறர் தேர்வில் தவறும்படி சூழ்ச்சி செய்பவன் என்றே படைக்கப்பட்டுள்ளான். மனப்பாடத்தோடு வஞ்சகத்தையும் ஒரே உருவில் பிணைத்துவிட்டால், ஒன்றை வெறுக்கும் நாம் மற்றதையும் ஆராயாது வெறுப்போம் அன்றோ? முடிவில், மாணவனொருவனை மாடியினின்று குதிக்கும் நிலைக்குத் தள்ளிய முதல்வர் மனந்திருந்திக் கதாநாயகனுக்குத் தம் பேனாவைப் பரிசளிக்கின்றார். ஸ்ரீவத்சனுக்கோ கடைசிக் காட்சியிலும் அவமானமே மிஞ்சுகின்றது. அதிகாரமுடையவர் ஒப்புரவாகின்றார், உருப்போட்டவனுக்கு அது கிட்டவில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள குருபரப்பள்ளியில் ஊழியம் செய்வோர் இதனைச் சற்று வேறு கண்ணோடு காணக்கூடும். சிப்காட் தொழிற்பேட்டைகள் எழுந்துள்ள இவ்வட்டாரத்தில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழிற் பயின்று, பாலிடெக்னிக்கில் முதன்முறையாக ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் ஐயம் தீர்ப்பார் இல்லை. கம்பெனிப் பேருந்துகள் நாள்தோறும் வாசல் வழியே போகின்றன. அவற்றில் ஏறுவதற்கு முன் ஒரு தேர்வு இருக்கின்றது. அப்பிள்ளை நூலை வரிக்கு வரி உருப்போடுவது தற்பெருமைக்காக அன்று. பொருள் பின்னர் விளங்கட்டும், சொல்லையாவது இப்போது கைப்பற்றுவோம் என்னும் துணிவினால். கிரேக்க வினைத் திரிபுகளை இரவெல்லாம் ஓதி மனனம் செய்யாது இறையியற் கல்லூரியை விட்டு வெளியேறினோர் நம்முள் எவரேனும் உளரோ!

கதாநாயகனும் எளிய குடியிற் பிறந்தவனே, செல்வர் வீட்டுப் பிள்ளையின் பெயரில் பயின்றவனே என்று சிலர் மறுமொழி கூறலாம். உண்மை. ஆயின் அவன் பாடுபட்டுப் படிப்பதைப் படம் காட்டுவதேயில்லை. அவன் முதலிடம் பெறுகின்றான். எப்போது படித்தான் என்று எவரும் கேட்பதில்லை. ஏழைக்குக் கல்வி அருள்வரமாக இறங்கினால் கைதட்டுகின்றோம். அவன் விளக்கடியில் விழித்திருந்து பெற்றால் ‘பழம்’ என்கின்றோம்.

வகுப்பறைக் காட்சியை நினைவுகூர்க. இயந்திரம் என்பதன் இலக்கணத்தை எளிய சொற்களில் கூறிய கதாநாயகனை ஆசிரியர் வெளியேற்றுகின்றார். நூலிலுள்ளவாறே ஒப்பித்த ஸ்ரீவத்சன் பாராட்டுப் பெறுகின்றான். மறந்து வைத்ததை எடுக்கத் திரும்பி வந்த கதாநாயகன், என்ன பொருள் அது என்று வினவப்பட்டதும், ‘புத்தகம்’ என்பதற்கு நீண்டதோர் இலக்கணத்தை ஒரே மூச்சில் பொழிகின்றான். அரங்கு ஆர்ப்பரிக்கின்றது. அவ்வளவு நீண்ட வாக்கியத்தை அவன் எவ்வாறு அத்தனை தடையின்றிக் கூறினான் என்று மட்டும் எவரும் வினவுவதில்லை.