காய்ந்தால்தான் ரிகானி

சுண்டை வற்றலைச் சுண்டைக்காய்க்கு மாற்று என்று யாரும் சொல்வதில்லை. காய் கூடை கூடையாகக் கிடைக்கும் நாளிலும் வற்றக்குழம்புக்கு வற்றல்தான் வேண்டும். கிரேக்கர்களுக்கு ரிகானி அப்படி. பீட்சாக் கடைப் பொட்டலத்தின் வழியாக ஆரிகனோ என்று நமக்கு அறிமுகமான இலையின் ஊர்ப்பெயர் அது. தோட்டத்தில் செடி தழைத்து நின்றாலும், தக்காளிமேல் தூவ அவர்கள் கை போவது அடுக்களையில் தொங்கும் காய்ந்த கொத்துக்குத்தான். பச்சை இலையை ஒருமுறை மென்றால் காரணம் தெரிந்துவிடும். நாக்கு சுரீரென்று எரிந்து பிறகு மரத்துப்போகும். எரிச்சலும் புல் நெடியும் முந்திக்கொள்ள, மணம் பின்னால் நிற்கும். காய்ந்ததும் நெடி போய்விடுகிறது. காட்டம் தணிகிறது. மணம் முன்னுக்கு வருகிறது.

கிரேக்க பாணி மூலிகைக் கலவையை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. காய்ந்து சிறக்கிற இலைக்கு ஜாடியில் இடம் உண்டு. காய்ந்து செத்துப்போகிற இலைக்கு இல்லை. கடையில் 'கிரீக் சீசனிங்' என்று விற்கும் பலவும் இந்த ஒரு கேள்விக்கே தாங்காது. இப்படி எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் அடைப்பது கிரேக்கத்தை விட வெளிநாடுகளில்தான் அதிகம். அமெரிக்காவில் புகழ்பெற்ற 'கேவண்டர்ஸ்' கலவை ஆர்கன்சா மாநிலத்தின் ஹாரிசன் ஊரில் தயாராகிறது. 13 பொருள்கள் சேர்ந்தது. கிரேக்க வீட்டிலோ பெரும்பாலும் ஒரு பண்டத்துக்கு ஒரு மூலிகை, மிஞ்சினால் இரண்டு.

ரிகானி ஏன் காய்ந்தும் சாவதில்லை? இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் பதில் அங்கேயே இருக்கிறது. மேற்பரப்பு முழுக்க மினுமினுக்கும் புள்ளிகள், எண்ணெய் நிரம்பிய நுண்ணிய பைகள். மழையே எட்டிப் பார்க்காத கோடையில், சுண்ணாம்புப் பாறைச் சரிவில் வாழும் செடி தன் மணத்தை இப்படித்தான் பூட்டி வைக்கிறது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு கார்வக்ரால். அதன் கொதிநிலை சுமார் 237 டிகிரி செல்சியஸ். நிழலில் கொத்து உலரும்போது நீர் வெளியேறும். கார்வக்ரால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவள்ளியின் மணத்திலும் இதே கார்வக்ரால் உண்டு. ஓமத்தில் இருப்பது இதன் உடன்பிறப்பான தைமால். முதல்முறை நல்ல ரிகானியை முகரும் தமிழ் மூக்கு சற்றே தடுமாறி, 'இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே' என்று யோசிப்பதில் வியப்பில்லை.

ஏதென்ஸின் மத்தியச் சந்தையை ஒட்டிய எவ்ரிபிடு தெரு மளிகைக்கும் மூலிகைக்கும் பேர்போனது. அங்கே ரிகானியைக் காம்போடும் பூங்கொத்தோடும் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். இலையைவிடப் பூமொட்டுகளே அதிகம் கண்ணில் படும். அதுதான் நல்ல சரக்கு. செடி முழுதாகப் பூத்திருக்கும்போது, பெரும்பாலான இடங்களில் ஜூன், ஜூலையில், அறுக்கிறார்கள். எண்ணெய் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. இந்தக் குடும்பத்துச் செடிகளின் பூவைக் கிரேக்கர்கள் கவனிக்கத் தொடங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃப்ராஸ்டஸ், தைமின் விதை பூவோடு பிரிக்க முடியாதபடி கலந்து கிடப்பதால் மக்கள் பூவையே விதைக்கிறார்கள் என்று தம் தாவர நூலில் குறித்திருக்கிறார்.

கொத்தாக வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உலகில் அதிகமாகக் கலப்படமாகும் மூலிகைகளில் ஆரிகனோ ஒன்று. 2021இல் வெளியான ஐரோப்பிய ஒன்றிய ஆய்வில், பரிசோதித்த ஆரிகனோ மாதிரிகளில் 48 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்று தெரிந்தது. பெரும்பாலும் கலந்திருந்தது ஆலிவ் இலை. நொறுக்கிப் போட்டபின் எது எந்த இலை என்று யாருக்குத் தெரியும்? பூவோடு நிற்கும் கொத்து பொய் சொல்லாது.

கொத்தைப் பிரிப்பதே ஒரு சுகம். அகன்ற தாம்பாளத்தின்மேல் கொத்தைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்ட வேண்டும். சரசரவென்று மொட்டுகளும் இலைகளும் உதிரும். சாம்பல் பூத்த பச்சை நிறம் தட்டில் குவியும். பிறகு கண் பெரிய சல்லடையில் சலித்தால் குச்சிகள் மேலே தங்கிவிடும். குச்சியை எறியத் தேவையில்லை. அடுப்புக்கரியில் இறைச்சி சுடுபவர்கள் அதைக் கனலில் போட்டு அந்தப் புகையையும் விடமாட்டார்கள். கவனம் ஒன்றில்தான் வேண்டும்: உதிர்த்தால் போதும், பொடிக்கக் கூடாது. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் எண்ணெய்ப் பைகள் அத்தனையும் உடைந்து, மணம் அன்றைக்கே சமையலறைக்குச் சொந்தமாகிவிடும். ஜாடிக்கு மிஞ்சுவது பச்சைத் தூள்.

ரிகானிக்குத் துணை யார்? முதலில் தைம். கிரேக்க மலைகளில் மண்டிக் கிடக்கும் தைமின் பூவிலிருந்துதான் ஏதென்ஸை அடுத்த ஹிமெட்டஸ் மலைத் தேன் பழங்காலம் தொட்டுப் பெயர் வாங்கியது. ரிகானி உரக்கப் பேசும். தைம் அதே சங்கதியைத் தாழ்ந்த குரலில் சொல்லும். அடுத்து த்ரூம்பி, ஆங்கிலத்தில் சேவரி எனப்படுவது. மிளகின் சாயல் கொண்ட உறைப்பு அதில் உண்டு. கிடைக்காவிட்டால் தைமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மூன்றாவது புதினா. பச்சைப் புதினாவின் குளிர்ச்சியைத் தேடினால் காய்ந்த புதினாவில் ஏமாற்றம்தான். அதன் அழகு வேறு. மண்வாசம் ஏறிய இனிப்பு. கெஃப்தேதெஸ் என்னும் இறைச்சி உருண்டையில் கிரேக்கர்கள் அதைச் சேர்க்கிறார்கள். சைப்ரஸில் ஹலூமிப் பாலாடைக்கட்டியை மடிக்கும்போது நடுவே தூவுவதும் புதினாவைத்தான். ரோஸ்மேரி மிகக் கொஞ்சம். ஊசி இலையைத் தனியே கல்லுரலில் இடித்துத்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லிடுக்கில் குத்தும். தைமும் ரோஸ்மேரியும் நீலகிரியிலேயே விளைகின்றன. அவற்றுக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

விட வேண்டியவற்றின் பட்டியல் பலருக்கு வருத்தம் தரும். பார்ஸ்லி காய்ந்தால் நிறம் மட்டும் மிச்சம். டில் இலையைக் கிரேக்கர்கள் கைகொள்ளாமல் போடுவார்கள், ஆனால் பச்சையாக: திராட்சை இலைச் சுருட்டிலும், கீரை அடையிலும், ஈஸ்டர் சூப்பிலும். காய்ந்த டில் அந்தப் பழக்கத்தின் நிழல்கூட இல்லை. பேசிலை, நம் திருநீற்றுப் பச்சிலையின் இனத்தை, கிரேக்கர்கள் ஜன்னல் தொட்டியில் வளர்ப்பார்கள்; செப்டம்பர் 14 சிலுவைத் திருநாளன்று மாதா கோயிலுக்கு எடுத்துப் போவார்கள்; சட்டியில் போடுவது அபூர்வம். பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் ஈரத்தை இழுத்து மொத்த ஜாடியையும் கட்டியாக்கும். பூண்டு வேண்டுமென்றால் அன்றன்று நசுக்கிப் போடுவதில் என்ன சிரமம்? உப்பும் வேண்டாம். கிரேக்கப் பாலாடைக்கட்டியான ஃபெட்டாவும் ஆலிவும் ஏற்கெனவே உப்பில் ஊறி வந்தவை.

என் கணக்கு இது: ரிகானி 6 பங்கு, தைம் 2, த்ரூம்பி 1, காய்ந்த புதினா 1, இடித்த ரோஸ்மேரி அரை, நிழலில் காயவைத்து நொறுக்கிய எலுமிச்சைத் தோல் அரை. தோலின் வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவ வேண்டும், ஒட்டினால் கசக்கும். இலைகளை நாமே உலர்த்துவதானால் காற்றோடும் நிழலில் தொங்கவிடலாம். ஓவன் என்றால் 40 டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. இலை விரலில் நொறுங்கும் வரை உலர்ந்த பிறகே ஜாடி. கடலோர ஊர்க்காரர்கள் இதில் அவசரப்பட்டால் பூஞ்சணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கலவையைத் தூவும் இடத்திலும் ஒரு ஞானம் இருக்கிறது. கார்வக்ரால் தண்ணீரில் லேசில் கரையாது, எண்ணெயில் கரையும். கிரேக்க நாட்டுப்புறச் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ் எல்லாவற்றுக்கும் மேலே ஃபெட்டாவை ஒரே வில்லையாக வைத்து, அதன்மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, ரிகானியை விரலிடுக்கில் கசக்கித் தூவுகிறார்கள். இலை விழும் இடம் எண்ணெயும் கொழுப்பும் சந்திக்கும் இடம். ஐந்து நிமிடம் பொறுத்தால் அந்த எண்ணெயை ரொட்டியால் துடைத்துத் தின்பதற்காகவே சாலட் செய்ததுபோல் ஆகிவிடும். எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் சேர்த்து ஓவனில் வேகும் உருளைக்கிழங்குக்குப் பாதியை முதலிலும் பாதியை இறக்கியபின்னும் போட வேண்டும். முதல் பாதி கிழங்குக்குள் போகும், இரண்டாவது பாதி மூக்குக்குப் போகும்.

கலவை சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்கவும் அந்த உருளைக்கிழங்கே போதும். கிரேக்கத்தில் ரிகானி சுவையுள்ள சிப்ஸ் பொட்டலம் பெட்டிக்கடை தோறும் தொங்குகிறது. அந்த ஜோடி அவ்வளவு இயல்பானது. சுட்ட கிழங்கின்மேல் தூவி, கலவையில் என்ன இருக்கிறது என்று சாப்பிடுபவர்களைக் கேளுங்கள். யோசிக்காமல் 'ஆரிகனோ' என்று சொல்லிவிட்டு, அடுத்த வாயில் 'வேறு என்னமோ இருக்கிறதே' என்று தேடினால் கலவை தேறிவிட்டது. எடுத்த எடுப்பில் நாலு பெயர் சொன்னால் ரிகானி போதவில்லை. அடுத்த கொத்தை உதிர்க்கலாம்.